பழைய கையும் புதுத் துப்பாக்கியும்

கண்ணு,

நலம் விசாரிப்பதை முதலிலேயே முடித்துவிடுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன், நீயும் நன்றாக இரு. கடிதம் முடியும்போது இதைக் கேட்கும் பொறுமை எனக்கு இருக்குமோ இருக்காதோ, அதனால்தான். இன்று காலை சிதம்பரம் ஸ்டேஷனில் உன் மாமா மகன் பழனியை ரயிலேற்றி அனுப்பிவிட்டு, பஸ் பிடித்துச் செம்மண்டலம் வந்து, கை கால் கழுவியதும் உலைகூட வைக்காமல் எழுத உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் ஆஸ்பத்திரியில் டியூட்டி. போகிற வழியில் இதைத் தபாலில் போட்டாக வேண்டும். நாளைக்கு என்று தள்ளினால் மனசு மாறிவிடும். உனக்கு எதையும் எழுதக் கூடாது என்று உன் மாமா என்னிடம் சொல்லியிருக்கிறான். என் தம்பி சொன்னதை நான் கேட்காமல் போவது புதிதில்லை. ஆனால் இந்தத் தடவை அவன் கெஞ்சிக் கேட்டான்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அடுத்த மாதம் உங்கள் துப்பாக்கித் தொழிற்சாலையில் ஒரு கூட்டம், டில்லியிலிருந்து பெரிய அதிகாரிகள் வருகிறார்கள் என்று எழுதியிருந்தாய். இப்போது நீங்கள் செய்துகொண்டிருப்பதைவிட எடை குறைவாக, இன்னும் வேகமாகச் சுடுகிற ஒரு துப்பாக்கிக்கு உங்கள் செக்‌ஷன் படம் போட்டிருக்கிறது, அதில் தோட்டா உள்ளே ஏறுகிற பாகம் முழுக்க நீ போட்டது, அதை விளக்கிப் பேசப்போவதும் நீதான். அவர்கள் சம்மதித்தால் உனக்குப் பதவி உயர்வு, குவார்ட்டர்ஸ். திருவதிகைப் பெண் வீட்டாருக்கும் நான் தலை நிமிர்ந்து பதில் சொல்லலாம். எல்லாம் சந்தோஷமான சமாசாரம்தான். கடைசியில் ஒரு கிண்டலும் பண்ணியிருந்தாய். 'இவ்வளவு செலவு நியாயமா என்று பொங்கலுக்கு நீ கேட்ட கேள்வியையேதான் அங்கேயும் கேட்பார்கள், உன்னிடம் சண்டை போட்டது எனக்கு ஒத்திகை' என்று. அன்று நான் கேள்வியோடு நிறுத்திக்கொண்டேன். இப்போது அதற்குப் பதிலும் இருக்கிறது, அதைத்தான் எழுதப் போகிறேன்.

பொங்கல் சண்டையை முதலில் பேசிவிடலாம். அன்று ரேஷன் கடை வரிசையில் காலையிலிருந்து நின்று, அரிசி வரவில்லை என்று கடைக்காரன் அளந்து போட்ட புழுத்த கோதுமையை வாங்கிக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் நீ கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் ஓரத்தில் பென்சிலால் துப்பாக்கி வரைந்து மாமாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோதுமைப் பையை உன் படத்தின் மேலேயே வைத்தேன். தெரியாமல் வைத்தது போல முகத்தை வைத்துக்கொண்டேன், வேண்டுமென்றுதான் வைத்தேன்.

"ஊரே சோத்துக்கு லைன்ல நிக்குது. இருக்கிற துப்பாக்கி சுடுது இல்ல? அப்புறம் எதுக்குடா புதுசு புதுசா?" என்றேன்.

"சுடுதும்மா. ஒரு தடவ சுடுது. அப்புறம் கைப்பிடிய மேல தூக்கி, பின்னால இழுத்து, முன்னால தள்ளி, கீழ அமுக்குனாத்தான் அடுத்தது. அதுக்குள்ள எதிர்ல இருக்கிறவன் ஏழெட்டு சுட்டுடறான். மாமா இங்கதான இருக்காரு, கேளு."

நான் கேட்கவில்லை. நீயே சொன்னாய். சீனாக்காரன் வந்த வருஷம் மாமா மலை மேல் பனியில் நின்ற கதையை அன்றுதான் நான் முழுசாகக் கேட்டேன். கூடப் பிறந்தவளிடம் சொல்லாததை அவன் உன்னிடம் சொல்லியிருக்கிறான். பருத்திச் சட்டை, கிழிந்த கையுறை. கையுறையோடு பிடித்தால் துப்பாக்கியின் கைப்பிடி வழுக்கும், கழற்றிவிட்டுப் பிடித்தால் தோல் இரும்போடு ஒட்டிக்கொள்ளும். சுட்ட பிறகு அடுத்த தோட்டாவை ஏற்ற விரல் மடங்கவில்லை, உள்ளங்கையால் குத்திக் குத்தித் தள்ளியிருக்கிறார்கள். நீ இதைச் சொல்லும்போது மாமா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். வலது கையில் மூன்று நகம் இன்றைக்கும் சரியாக வளர்வதில்லை, நான் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டேன். "புது துப்பாக்கி அப்பவே இருந்திருந்தா இவுரு விரல மட்டும் அசைச்சிருந்தா போதும்மா" என்று நீ முடித்தாய்.

வாதத்தில் நான் தோற்றுவிட்டேன். தோற்றவள் என்ன பேசுவாளோ அதைப் பேசினேன். "உனக்குப் பதவி வேணும்னா கேட்டு வாங்கிக்க, அதுக்கு உன் மாமன் விரல இழுக்காத" என்றேன். உன் முகம் போன போக்கு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மறுநாளே கிளம்பிவிட்டாய். அப்பா இல்லாத வீட்டில் அந்த மாமன்தான் உனக்கு எல்லாம் என்று தெரிந்தே சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது, தப்பு. எழுதிவிட்டேன், மேலே போகிறேன்.

பங்குனியில் மாமாவுக்கு ஆபரேஷன் நடந்ததைச் சுருக்கமாக எழுதியிருந்தேன். பாகிஸ்தான் சண்டையில் இடது தொடையில் ஏறிய இரும்புத் துண்டு ஒன்று உள்ளேயே தங்கி, சீழ் பிடித்துவிட்டது. சிதம்பரத்திலிருந்து வரவழைத்து, என் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்து, எடுத்தாகிவிட்டது, நன்றாக இருக்கிறான் என்று எழுதினேன். அது உண்மைதான். எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து அவனைக் கொண்டுவந்து வார்டில் போட்டார்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மயக்கம் தெளிகிற நேரத்தில் ஆட்கள் என்னென்னவோ செய்வார்கள், கண்ணு. ஒருவர் மாடு ஓட்டுவார், ஒருவர் பெண்டாட்டியைத் திட்டுவார், அவளும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். நாங்கள் நர்சுகள் இதையெல்லாம் வெளியில் சொல்லாமல் எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் வலது கை மட்டும் எழுந்தது. கண் மூடியிருக்கிறது, வாய் திறந்திருக்கிறது, மூச்சில் ஈதர் மயக்க மருந்து வாடை. கை காற்றில் எதையோ பிடித்து மேலே தூக்கியது, பின்னால் இழுத்தது, முன்னால் தள்ளியது, கீழே மடக்கியது. ஆள்காட்டி விரல் ஒரு தடவை வளைந்தது. மறுபடியும் மேலே, பின்னால், முன்னால், கீழே. நிற்கவே இல்லை. நான் அந்தக் கையைப் பிடித்து அமுக்கினேன். என் பிடியையும் இழுத்துக்கொண்டு அது தன் வேலையைச் செய்தது. உன் மாமா உடம்பில் அவ்வளவு பலம் இருக்கிற நேரமே இல்லை அது. பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பொங்கலுக்கு நீ வரிசையாகச் சொன்ன அதே நாலு அசைவு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அவன் தெளிந்து, கஞ்சி குடிக்கிற அளவுக்கு வந்த பிறகு கேட்டேன். முதலில் மழுப்பினான். நான் விடவில்லை.

"அது பழைய துப்பாக்கிக்கா. இருவது வருஷம் அதானே சோறு போட்டுச்சி" என்றான்.

"போன சண்டைக்குப் புதுசுதானே வெச்சிருந்த?"

"புதுசுதான். நல்ல துப்பாக்கி, கொற சொல்லக் கூடாது. விரல அமுக்குனா போதும், அடுத்ததை அதுவே ஏத்திக்கும். வலது பக்கம் புடிச்சி இழுக்கறதுக்கு ஒண்ணுமே இருக்காது, மொழுக்குனு இருக்கும்."

"அப்புறம் ஏன் கை இழுக்குது?"

அவன் கஞ்சி டம்ளரைக் கீழே வைத்தான். பிறகு சொன்னது முழுவதையும் அவன் சொன்ன மாதிரியே எழுதுகிறேன், கூட்டாமல் குறைக்காமல். "சண்டைக்குக் கொஞ்சம் முன்னாடிதான் குடுத்தாங்க. கழட்டி மாட்டக் காமிச்சாங்க, கொஞ்சம் சுட வெச்சாங்க, தோட்டா பத்தாதுன்னு நிறுத்திட்டாங்க. அப்ப கை ஒழுங்காத்தான் இருந்துச்சி. அங்க யாரும் நம்மள சுடலையே. அங்க போனப்புறம், கரும்புக் கொல்லைக்கா, நம்ம நெல்லிக்குப்பம் பக்கம் மாதிரியே இருந்துச்சி, விடியற நேரம். ஒண்ணு சுட்டேன். கை தானா வுட்டுட்டு மேல போயிடுச்சி. தேடுது. அங்க ஒண்ணும் இல்ல. தப்புன்னு தெரியுது, திரும்ப வெச்சி சுடறேன், திரும்பவும் போவுது. பயத்துல, மொத தோட்டா ஏத்த இடது பக்கம் இருக்கிற கைப்பிடிய இழுத்துட்டேன், நல்ல தோட்டா வெளிய வுழுந்துடுச்சி. எதிர்ல ஒருத்தன் எழுந்து நிக்கிறான். என் துப்பாக்கி அவன் நெஞ்சுக்கு நேராத்தான் இருக்கு. என் கைதான் அதும்மேல இல்ல. எம் பக்கத்துல ஒரு பாலக்காட்டுப் பையன், அந்தப் பையன எதிர்ல நின்னவன் சுட்டுட்டான். அப்புறம் என்னமோ வீசுனான், அதுல வந்ததுதான் நீங்க எடுத்த இரும்பு."

"இத மேல யார்கிட்டயாவது சொன்னியா?" என்றேன்.

"இன்னான்னு சொல்றது? துப்பாக்கி எப்படி இருந்துச்சின்னு கேட்டாங்க. நல்லா இருந்துச்சின்னு சொன்னேன். நெசமாவே நல்லாத்தான் இருந்துச்சி."

அந்த வார்த்தைதான் உங்கள் தொழிற்சாலைக்கு வந்திருக்கும், கண்ணு. துப்பாக்கி நன்றாக இருந்தது என்று. அதை நம்பித்தான் அடுத்ததற்கு நீங்கள் படம் போடுகிறீர்கள்.

நம் வீட்டுக்குக் கரண்டு வந்த புதிதில் என்னை நீ எவ்வளவு கேலி பண்ணியிருக்கிறாய். இருட்டியதும் என் கை மாடத்தில் தீப்பெட்டியைத் துழாவும். நீ ஸ்விட்சைப் போட்டுவிட்டு, "அம்மா, வெளக்கு எரியுது" என்று சிரிப்பாய். அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போக ஒரு வருஷம் ஆனது, நான் மறதிக்காரியும் இல்லை. ஒன்றும் குடி முழுகிப் போகவில்லை, சிரித்துவிட்டுப் போய்விட்டோம். உன் மாமாவுக்கு அப்படிச் சிரிக்க யாரும் நேரம் கொடுக்கவில்லை.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். புதுத் துப்பாக்கி வேண்டுமா, அதற்கு இவ்வளவு செலவு தகுமா? வேண்டும். நீதான் சரி. அந்தப் பனியில் பழசை வைத்துக்கொண்டு நிற்க வைத்தது பாவம், சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு இருக்கிற நாடாக இருந்தாலும் அந்தச் செலவைச் செய்துதான் ஆக வேண்டும் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். கோதுமைப் பையை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் நீ செலவு என்று சொல்லும்போது எதையெல்லாம் சேர்க்கிறாய் என்று யோசித்துப் பார். இரும்பு, மரம், மிஷின், உன்னைப் போல நாற்காலியில் உட்கார்ந்து படம் போடுகிறவர்களின் சம்பளம், இதோடு முடிந்துவிடுகிறது. பழைய கையைப் புதுக் கையாக மாற்றுவதற்கு ஆகிற நாளும், அதற்காகச் சுட்டுத் தீர்க்க வேண்டிய தோட்டாவும் உன் செலவில் இல்லை. அது இல்லையென்றால் ஒரு நல்ல துப்பாக்கியைச் செய்து, அதைப் பிடிக்கிறவனை முட்டாளாக்கி அனுப்புகிறோம். இதற்குள் நீங்கள் இன்னொன்றுக்குப் படம் விரிக்கிறீர்கள். இப்போதுதான் ஒரு கை ஒன்றைப் பழக ஆரம்பித்திருக்கிறது, அதற்குள் அதையும் பழசாக்கப் பார்க்கிறீர்கள். துப்பாக்கி வேகம் கூடக் கூட, கை தடுமாறுகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குக் கொடுக்கிற விலையும் கூடிக்கொண்டே போகும் என்று எனக்குத் தோன்றுகிறது. எனக்கு இஞ்சினீயரிங் தெரியாது. சிதம்பரத்தில் உன்னைப் படிக்க வைத்ததோடு என் இஞ்சினீயரிங் முடிந்தது. தப்பாக இருந்தால் திருத்து.

மாமா கதையோடு இது முடிந்திருந்தால் நான் உனக்கு எழுதியே இருக்க மாட்டேன். அது போன சண்டை. பழனி லீவில் வந்தான்.

பட்டாளத்தில் சேர்ந்து பயிற்சியை முடித்துவிட்டு, யூனிட்டுக்குப் போவதற்கு முன்னால் வீட்டைப் பார்க்க வந்திருந்தான். நீ தோளில் தூக்கித் திரிந்த பையன், இப்போது கதவு நிலையில் தலை இடிக்கிறது. நானும் லீவு போட்டுவிட்டுச் சிதம்பரம் போனேன். சாப்பிட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். பயிற்சி பற்றிப் பேச்சு வந்தது. மாமா சாதாரணமாகக் கேட்பது போலத்தான் கேட்டான்.

"புது துப்பாக்கியிலதான பழக்குனாங்க?"

"இல்லப்பா, பழசுதான். புதுசெல்லாம் எல்லைக்கே பத்தலையாம். யூனிட்டுக்குப் போனா குடுப்பாங்களாம்."

மாமா எழுந்து போய் மூலையில் இருந்த குடையை எடுத்து வந்து அவனிடம் நீட்டினான். "சுட்டுக் காமி" என்றான்.

பையனுக்கு ஒரே குஷி. குடையைத் தோளில் வைத்தான், கன்னத்தைச் சாய்த்தான். கண்ணு, அந்த வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மேலே, பின்னால், முன்னால், கீழே, விரல். மேலே, பின்னால், முன்னால், கீழே, விரல். கை போவதும் வருவதும் கண்ணுக்கே தெரியவில்லை. "எங்க பேட்ச்லயே நான்தான் ஸ்பீடு ஜாஸ்தி. மத்தவங்களுக்கு என்னத்தான் செஞ்சி காட்டச் சொல்லுவாரு வாத்தியாரு" என்றான். அவன் அம்மா திருஷ்டி கழிப்பது போல நெற்றியில் விரலை மடக்கி நெரித்துக்கொண்டாள். நான் என் தம்பி முகத்தைப் பார்த்தேன். பெற்ற பிள்ளை கெட்டிக்காரனாக இருப்பதைப் பார்த்து ஒரு தகப்பன் அப்படிப் பயந்து நான் கண்டதில்லை.

அன்றிலிருந்து லீவு முடிகிறவரைக்கும் அந்த வீட்டில் அந்தக் குடையைத் தவிர வேறு பேச்சு இல்லை. மாமா தொடைப் புண்ணோடு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "கைய எடுக்காத. விரல் மட்டும் அசையட்டும். கை அங்கியே இருக்கட்டும்" என்று சொல்லிக்கொடுப்பான். பையன் முதலில் சிரித்தான். மெதுவாகச் செய்யும்போது சரியாகச் செய்வான். மாமா திடீரென்று கையைத் தட்டினாலோ, தரையில் சொம்பைப் போட்டாலோ கை பிய்த்துக்கொண்டு மேலே போய்விடும். "எடுக்காதன்னு சொல்றன் இல்ல" என்று மாமா கத்துவான். ஒரு நாள் அந்தக் கையை வேட்டித் துணியால் குடையோடு சேர்த்துக் கட்டினான். பழனிக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்பா, ஒம்போது மாசமா அடிச்சி அடிச்சி இதத்தான் சொல்லிக்குடுத்தாங்க, இப்ப நீ அடிச்சி வேற சொல்ற. நான் யார் சொல்றத கேக்கறது?" என்றான். கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டான். மாமா அந்தத் துணியை மடித்து மடித்துத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தான். கரும்புக் கொல்லையில் நடந்ததை மகனிடம் சொல்லிவிடு என்று நான் சொன்னேன். "பட்டாளத்துக்குப் போற புள்ளகிட்ட, உன் கை உன்ன கவுத்துடும்னு சொல்லி அனுப்பச் சொல்றியா? அப்புறம் அவன் எத நம்பி நிப்பான்?" என்றான்.

அதனால்தான் உன்னிடம் வருகிறேன். அந்தக் கூட்டத்தில் உன் படத்தை விரிக்காதே என்று நான் சொல்லவில்லை. விரிப்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல் என்கிறேன். புதிதாக ஒன்றுக்குப் பணம் ஒதுக்குவதற்கு முன்னால், இப்போது செய்கிற துப்பாக்கியைப் பையன்கள் பழகுகிற இடங்களுக்கு முதலில் அனுப்புங்கள், சுட்டுப் பழகத் தோட்டாவும் சேர்த்து அனுப்புங்கள் என்று சொல். முதல் நாளிலிருந்து எதைப் பிடித்துப் பழகினானோ அதோடுதான் அவனை எல்லைக்கு அனுப்ப வேண்டும், பழசில் பழகி வந்தவனுக்குப் புதுசைக் கொடுத்தால் அவன் கை மாறுகிறவரை அவனை முன்னால் நிறுத்தக் கூடாது என்று சொல். அதற்காக உன் படம் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ பெட்டியில் கிடந்தால் கிடக்கட்டும். காகிதத்துக்கு ஒன்றும் ஆகாது.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும், பெற்றவள்தானே. இது என் செக்‌ஷன் வேலை இல்லை, பயிற்சி பட்டாளத்துக்காரர்கள் பாடு என்பாய். அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். துப்பாக்கி செய்கிறவர் பயிற்சியைச் சொல்ல மாட்டார், பயிற்சி கொடுக்கிறவர் துப்பாக்கியைச் சொல்ல மாட்டார், மேலே கேட்டால் உன் மாமா மாதிரி ஆட்கள் நன்றாக இருந்தது என்று சொல்லிவிடுவார்கள். தன் படத்துக்குப் பணம் வேண்டாம், முதலில் இதற்குக் கொடுங்கள் என்று அந்தப் படத்தைப் போட்டவனே எழுந்து சொன்னால்தான் அவர்கள் காது கொடுப்பார்கள். வேறு யார் சொன்னாலும் பொறாமை என்று தள்ளிவிடுவார்கள். உன் மேலதிகாரிக்குக் கோபம் வரும். பதவி உயர்வு தள்ளிப்போகலாம், இல்லாமலே போகலாம். குவார்ட்டர்ஸ் இல்லையென்றால் திருவதிகைக்காரர்கள் வேறு இடம் பார்ப்பார்கள். அந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, உனக்கும்தான் என்று தெரியும். எதை விடச் சொல்கிறேன் என்று தெரியாமல் கேட்கவில்லை. எனக்கு வயிறு எரிகிறது, எரிய எரியத்தான் கேட்கிறேன்.

நேற்று நான் இதை உனக்கு எழுதப்போகிறேன் என்று சொன்னதும் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டான். "வேணாங்கா. அவன் இருக்கிறது பெரிய எடம். எதுனா பேசி வேல போயிடப் போவுது. எம் புள்ளைக்கு எப்படியோ கை மாறிக்கும். எம் புள்ளைக்காக உம் புள்ள வாழ்க்க போவ வேணாம்" என்றான். எனக்கு எந்தப் பிள்ளை முக்கியம் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் உன் பெயரைத்தான் சொல்லியிருப்பேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். உன் வேலை போனால் நீ இங்கே வந்து என்னோடு சண்டை போடலாம்.

இன்று காலை ஸ்டேஷனில் பழனி அவன் அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தான். அப்பா மேல் இருந்த கோபமெல்லாம் போயிருந்தது, சிரித்துக்கொண்டுதான் இருந்தான். வண்டி அசைந்ததும் நான் கொஞ்ச தூரம் கூடவே நடந்தேன். அவன் தலையை வெளியே நீட்டி என்னிடம் சொன்னான்.

"அத்த, மச்சானுக்குக் காயிதம் போட்டா சொல்லுங்க. எங்க யூனிட்டுக்குப் புதுசு வந்துடுச்சாம். போனதுமே என் கையில குடுத்துடுவாங்க. அது எங்க மச்சான் செஞ்சது, எனக்கு ஒண்ணும் ஆவாதுன்னு கூட இருக்கிறவங்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்."

சொல்கிறேன் என்றேன். சொல்லிவிட்டேன்.

உன் அம்மா